தப்பிக்கும் சாலையும் எல்லைக் காவல் சட்டமும்

கொடைக்கானலில் இருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குச் செல்லும் பழைய மலைச்சாலை ஒன்று உண்டு. அதை 'எஸ்கேப் ரோடு' என்று அழைப்பார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு வீசின. சென்னை மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். ஜப்பான் படை வந்திறங்கினால் மலையைக் கடந்து கொச்சிக்குத் தப்பிப் போவதற்காக இந்தச் சாலை செப்பனிடப்பட்டது.

அந்நிய அரசு தப்பிக்கும் வழிக்குச் செலவு செய்தது. சுதந்திர நாடு அப்படித் தப்பிப் போக முடியாது, எல்லையைக் காத்தே ஆக வேண்டும். அதற்கு ஆளும் பணமும் யார் தருவது?

முதலில் பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநிலத்தின் ஆயுதப் போலீசாரே காத்து வந்தனர். 1965 ஏப்ரல் 9 அன்று கட்ச் பகுதியில் சர்தார் போஸ்ட்டைப் பாகிஸ்தான் ராணுவம் தாக்கியது. மத்திய ரிசர்வ் போலீசார் தீரத்துடன் எதிர்த்து நின்றனர். ஆனாலும் ராணுவத் தாக்குதலைப் போலீசாரால் மட்டும் சமாளிக்க முடியாது என்பது புரிந்தது. எனவே அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று 25 பட்டாலியன்களுடன் மத்திய அரசின் எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. கே.எஃப்.ருஸ்தம்ஜி அதன் முதல் தலைவர்.

இப்படைக்கான சட்டம் 1968-ல்தான் வந்தது. அதில் இத்தனை வீரர்கள், இத்தனை கோடி என்ற கணக்கு எதுவும் இல்லை. ஆள் பலத்தை மத்திய அரசு முடிவு செய்கிறது. பணத்தை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பாராளுமன்றம் ஒதுக்குகிறது. இன்று 190-க்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் உள்ளன.

ஆனால் வீரரின் கடமைகளைச் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. தவறு செய்தால் படைக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. அனுமதியின்றி சங்கம் சேரக் கூடாது. சம்பளம் போதவில்லை என்று ஒரு தொழிலாளி கொடி பிடிக்கலாம், எல்லை வீரர் பிடிக்க முடியாது. ஆகவே அவருக்காகக் கேட்க வேண்டியவர்கள் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடும் எம்.பி.க்கள்தான்.

கடலுக்கும் இதே கதைதான். ருஸ்தம்ஜி தலைமையில் 1974-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1978-ல் கடலோரக் காவல்படைச் சட்டம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரை கொண்ட தமிழகத்துக்கு இது அந்நியமான விஷயமல்ல.

எஸ்கேப் ரோடு மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பேரிஜம் வரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் எல்லையையே பார்க்காத கொடைக்கானல்காரரும் தன் வரிப்பணத்தால் எல்லைக் காவலுக்குப் பங்கு தருகிறார். அந்தப் பணம் காவல் நிற்பவரைச் சரியாகச் சேருகிறதா என்று கேட்பது அவருடைய உரிமை.