வாயிலில் நிற்கும் தேர்வு

ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயில விரும்பும் இளைஞர் முதலில் காண்பது பேராசிரியரை அன்று. பெரும்பாலும் ஓர் ஆங்கிலப் புலமைத் தேர்வையே காண்கின்றனர். கணிதத்திலோ மருத்துவத்திலோ எத்துணைத் தேர்ச்சி பெற்றவராயினும், பாடம் நடைபெறும் மொழியைப் பின்தொடர வல்லவர்தாமா என்பதைப் பல்கலைக்கழகம் முன்னரே அறிய விரும்புகிறது. இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்று பலரும் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காணும் முன்னர், அதன் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம் என்பது என் கருத்து. ஒரு தேர்வு எதனை அளக்க எழுந்தது என்பதை அறிந்தவரே அதற்கு ஏற்பத் தம்மைப் பக்குவப்படுத்திக்கொள்ள இயலும்.

மொழித் தேர்வுகள் எல்லாம் கல்வியின் பொருட்டே பிறந்தவை அல்ல. தென்னாப்பிரிக்காவில் அந்நாளில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த நேட்டாலில், 1897ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதிதாக வந்து குடியேற விரும்புவோர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்டவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதில் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. ஆயினும் அதன் நோக்கம் இந்தியரின் வருகையைத் தடுப்பதே. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் மக்களின் உற்றார் உறவினரும் அதனால் தடைப்பட்டனர்.

இம்முறையைப் பின்பற்றி 1901ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவும் ஒரு சட்டம் செய்தது. குடியேற்ற அதிகாரி ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்கள் கொண்ட பகுதியைப் படிப்பார். வந்தவர் அதனைக் கேட்டுப் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழி என்பதைத் தெரிவு செய்பவர் அதிகாரியே! 1902, 1903 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இத்தேர்வு 805 முறை நடத்தப்பட்டது. தேறியவர் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை நடத்தப்பட்டது. தேறியவர் அறுவர் மட்டுமே. அதன் பின்னர் ஒருவரும் தேறவில்லை. 1934ஆம் ஆண்டில் பிராகு நகரத்து எழுத்தாளர் எகோன் கிஷ் என்பவர் அங்குச் சென்றார். அவர் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். ஆகவே அவரை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எழுதுமாறு பணித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அச்சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அது அன்று என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தேர்வு முறை ஒழிந்தது. அறிவை அளப்பதற்காக அன்றி, ஆளை விலக்குவதற்காகவே தேர்வு பயன்படக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனிக் கல்வித் தேர்வுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டில் பிறமொழியாளருக்கென ஓர் ஆங்கிலப் புலமைத் தேர்வை ஏற்படுத்தியது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியராக விரும்புவோரை மனத்திற்கொண்டு அமைந்த தேர்வு அது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஆங்கில இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், படித்தல், உரையாடல் எனப் பல பகுதிகள் இருந்தன. எல்லாவற்றிற்கும் சேர்த்து ஆன நேரம் 12 மணி! இலக்கியத்திற்கு மட்டும் 3 மணி. முதல் ஆண்டில் தேர்வெழுதியவர் மூவர், மூவரும் தேறவில்லை. மொழியறிவு என்றால் இலக்கியப் புலமை என்றே அக்காலத்து அறிஞர் கருதினர் என்பது இதனால் விளங்கும். ஆனால் வேதியியல் பயில வருபவனுக்கு அத்துணை இலக்கியம் எதற்கு என்ற வினா பின்னர் எழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடிப் பிறநாட்டு மாணவர் பெருந்திரளாகச் சென்றனர். பன்னிரண்டு மணி நேரம் ஒருவரை அமர்த்திச் சோதிப்பது இங்கு இயலாத செயல். எனவே 1964ஆம் ஆண்டில் டோஃபெல் என்னும் தேர்வு தோன்றியது. கேட்டுணர்தல், வாக்கிய அமைப்பு, சொல்வளம், படித்துணர்தல், எழுத்துத்திறன் என ஐந்து பகுதிகள். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே மாணவர் பணி. எழுத்துத்திறனைக்கூட, ஒரு வரியும் எழுதச் செய்யாமலே அளந்தனர்! இதில் ஒரு நன்மை உண்டு: திருத்துபவரின் விருப்பு வெறுப்பு மதிப்பெண்ணில் நுழையாது. குறையும் உண்டு: சரியான விடையைக் கண்டு குறியிடுபவர் நாவைத் திறந்து பேச வல்லவர் என்பதற்கு உறுதி இல்லை. 1986இல் கட்டுரை எழுதும் தேர்வு உடன் சேர்ந்தது. 2005இல் இணையவழித் தேர்வு வந்தபோது பேசுதலும் அதன் பகுதியாயிற்று.

இங்கிலாந்தில் வேறொரு வழியை ஆராய்ந்தனர். பல்கலைக்கழக மாணவன் மொழியைக் கொண்டு உண்மையில் என்ன செய்கிறான்? விரிவுரையைக் கேட்கிறான், நூலைப் படித்து வேண்டியதைத் தேடுகிறான், கண்டதை எழுதுகிறான், பிறரோடு விவாதிக்கிறான். இச்செயல்களையே தேர்வாக்கலாம் என்ற எண்ணத்தால் 1980ஆம் ஆண்டில் ஒரு தேர்வை அமைத்தனர். ஆஸ்திரேலியாவும் சேர்ந்து அதனைத் திருத்தியமைக்க, 1989இல் ஐயெல்ட்ஸ் தேர்வு தோன்றியது. இன்று அதன் நான்கு பகுதிகளுக்கும் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும். உயர்கல்விக்கு உரிய பிரிவில் வரைபடத்தையோ அட்டவணையையோ கண்டு 150 சொற்களில் ஒரு குறிப்பும், ஒரு கருத்தைப் பற்றி 250 சொற்களில் ஒரு கட்டுரையும் எழுதவேண்டும். தேர்வாளருடன் 11 முதல் 14 நிமிடம் வரை உரையாடவேண்டும்.

இவ்வளவு சீர்திருத்தம் நிகழ்ந்தும் வாயிற்காவலின் பழைய நிழல் முற்றும் நீங்கவில்லை. பிரிட்டனில் மாணவர் இசைவுச்சீட்டுக்காக நடைபெற்ற ஓர் ஆங்கிலத் தேர்வில், ஒருவருக்கு மாற்றாக மற்றொருவர் எழுதும் மோசடி 2014ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2011 முதல் 2014 வரை அங்கு நடந்த 58,000க்கு மேற்பட்ட தேர்வுகளுள் நூற்றுக்கு 97 ஐயத்திற்குரியவை எனக் குறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவரின் இசைவு பறிக்கப்பட்டது. அவர்களுள் குற்றவாளிகளும் இருந்தனர். நேர்மையாக எழுதியவர்களும் இருந்தனர். நெடுங்காலம் வழக்காடி ஆயிரக்கணக்கானோர் வென்றனர். ஆயினும் அவர்கள் இழந்த ஆண்டுகள் மீளவில்லை. சிலர் தேடிய குறுக்குவழிக்கு, அவ்வழியே நடவாதவரும் விலை கொடுக்க நேர்ந்தது.

இவ்வரலாறு ஆயத்தத்தைப் பற்றி நமக்குக் கூறுவது யாது? 1913இன் தேர்வுக்கு இலக்கிய நூல்களையும் இலக்கண விதிகளையும் கற்றல் தகும். 1964இன் தேர்வுக்கு விடைகளைப் பிரித்தறியும் கூர்மை வேண்டும். இன்றைய தேர்வோ செயலைக் கேட்கிறது. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவரை, பயிற்சி பெற்ற தேர்வாளர் விரைவில் கண்டுகொள்வர். அத்தகைய விடை மதிப்பெண்ணை உயர்த்துவதில்லை, குறைத்தே விடுகிறது.

நாள்தோறும் ஓர் ஆங்கில உரையைக் கேளுங்கள். கேட்டதன் சாரத்தை ஐந்தாறு வரிகளில் குறியுங்கள். செய்தித்தாளில் காணும் ஒரு புள்ளிவிவரப் படத்தை எடுத்து, அது காட்டும் ஏற்றத்தாழ்வை 20 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதுங்கள். மறுநாள் அதனை நீங்களே திருத்துங்கள். நண்பர் ஒருவரை எதிரில் அமர்த்தி, பிழைக்கு அஞ்சாமல் பேசுங்கள்.

இஃது ஒன்றும் நமக்குப் புதிய முறை அன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் நெறியைக் கூறுமிடத்துப் பாடத்தைப் போற்றலோடு நின்றுவிடவில்லை. கேட்டதைச் சிந்தித்தல், உடன் பயில்வோரோடு பழகல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறல் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ் கற்க வகுத்த அந்நெறி ஆங்கிலம் கற்கவும் உதவும்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். தேர்வில் பெறும் எண் ஒரு நாளைய அளவு மட்டுமே. ஐயெல்ட்ஸ் மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்றுக்கொள்கின்றனர். மொழி பயன்படுத்தினால் வளரும், விட்டால் தேயும் என்பதனாலேயே அந்த வரம்பு. ஆகவே தேர்வு நாளோடு பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். வாயிலைக் கடந்த பின்னர்தான் விரிவுரை மண்டபம் வருகிறது. அங்கு உங்களுக்குத் துணை நிற்பது மதிப்பெண் சான்றிதழ் அன்று, நாள்தோறும் பழகிய உங்கள் செவியும் நாவும் கையுமே.