பதினொருவர் போக மீதிப்பேர்

உலகக் கிண்ணக் கால்பந்து வந்துவிட்டால் பினாங்கு ஜெலுத்தோங் மாமாக் கடைகளில் தே தாரிக்கோடு ஒரு வாக்குவாதமும் மேசைக்கு வரும். பெலே ஜெயித்தது எத்தனை கிண்ணம்? 'அவர் கழுத்தில் விழுந்த பதக்கம் இரண்டுதான், 1958, 1970' என்பார் ஒரு பெரியவர். 'மூன்று பாங், ஃபிஃபாவே சொல்லிவிட்டது' என்பான் பக்கத்து மேசைப் பையன். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. உலகக் கிண்ண வெற்றியாளர்களின் முழுப் பட்டியல் பிறந்த கதை இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

1930 முதல் 1974 வரை, இறுதி ஆட்டம் முடியும்போது களத்தில் நின்ற 11 பேருக்கு மட்டுமே வெற்றிப் பதக்கம். 22 பேரோடு ஓர் அணி வந்தாலும் மீதிப்பேர் வெறும் கையோடு வீடு திரும்புவார்கள். அதிலும் 1970க்கு முன்பு உலகக் கிண்ணத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கவே முடியாது. 1962 சிலி போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக, பெலேவுக்குக் காயம். அடுத்த ஆட்டத்திலிருந்து அவர் இடத்துக்கு அமரில்டோ வந்தார். அந்தத் தொடர் முழுக்க பிரேசில் களமிறக்கியது 12 பேரைத்தான். மற்ற பத்துப் பேர் பயிற்சி செய்தார்கள், காத்திருந்தார்கள், கிண்ணத்தோடு நாடு திரும்பினார்கள். பதக்கம் மட்டும் இல்லை.

1966இல் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அணியின் முதல்தரக் கோலடிப்பாளர் அவர். பிரான்ஸுடனான ஆட்டத்தில் கால் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தொடரில் அவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை; அவர் இடத்தில் இறங்கிய ஜெஃப் ஹர்ஸ்டே இறுதி ஆட்டத்திலும் ஆடி மூன்று கோல் போட்டார். வெம்பிளியில் சக வீரர்கள் துள்ளிக் குதித்தபோது அவர் கோட்டு சூட்டோடு ஓரத்தில் இருந்தார். ஊரறிந்த ஆட்டக்காரருக்கே இந்தக் கதி என்றால், ஓர் ஆட்டம்கூட ஆடாத மூன்றாவது கோல்காவலரின் பெயரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

1978 முதல் அணி முழுமைக்கும் பதக்கம் என்று ஆனது. பழையவர்களுக்கு நியாயம் கிடைக்க மேலும் 29 ஆண்டுகள் ஆயின. 1930 முதல் 1974 வரை விடுபட்ட அத்தனை பேருக்கும், உயிரோடு இல்லாதவர்களுக்கு அவர்கள் குடும்பத்தார் வழியாக, பதக்கம் தருவதாக 2007 நவம்பரில் ஃபிஃபா அறிவித்தது. பெலேவின் மூன்றாவது பதக்கம் அப்போது வந்ததுதான். கிரீவ்ஸ் 2009 ஜூனில் லண்டன் டவுனிங் தெருவில் வாங்கிக்கொண்டார்.

இந்த மாதிரிப் பட்டியலில் பெயரே பெரிய தலைவலி. 1958 பிரேசில் அணியில் 'மஸோலா' என்று ஒருவர் உண்டு. 1962இல் இத்தாலி அணியில் ஜோசே அல்தாஃபினி. இருவரும் ஒரே ஆள். தெரியாதவர் எழுதினால் ஒரு மனிதர் இருவராகிவிடுவார், அல்லது சாம்பியன் ஒருவர் காணாமல் போய்விடுவார்.

கோல் கணக்கும் இப்படித்தான். 1930 ஜூலை 17, மாண்டிவிடியோவில் அமெரிக்கா பராகுவேயை 3-0 என்று வென்றது. மூன்றையும் அடித்தவர் பெர்ட் பட்டெனோட். ஆனால் இரண்டாவது கோலை அணித்தலைவர் டாம் ஃபுளோரி பெயரில் ஃபிஃபா எழுதி வைத்திருந்தது. அதனால் உலகக் கிண்ணத்தின் முதல் ஹாட்ரிக் என்ற பெயர், இரண்டு நாள் கழித்து மெக்சிகோவுக்கு எதிராக மூன்று போட்ட அர்ஜென்டினாவின் ஸ்டாபிலேக்குப் போயிற்று. பழைய செய்தித்தாள்களையும் உடன் ஆடியவர்களின் சாட்சியத்தையும் ஆய்வாளர்கள் விடாமல் ஒப்பிட்டு வந்ததன் பலனாக 2006 நவம்பரில் கணக்குத் திருத்தப்பட்டது. பட்டெனோட் 1974இலேயே இறந்துவிட்டார். அவருக்குத் தெரியாமலே திருத்தப்பட்ட அந்தக் கணக்கு வரி எனக்கு எந்தக் கிண்ணத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது.

நம் மலேசியாவின் மொக்தார் டஹாரிக்கும் இரண்டு கணக்கு உண்டு. வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஆடியவற்றையும் சேர்த்து 125 கோல் என்பது ஒன்று. நாட்டுக்கு நாடு மோதிய ஆட்டங்களை மட்டும் எடுத்தால் 142 ஆட்டங்களில் 89 கோல். எண் குறைந்ததே என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. எந்த நாட்டுக்காரர் வந்து எண்ணிப் பார்த்தாலும் அந்த 89 நிற்கும்.

பெயர்களைக் காக்கும் வேலை நம் ஊரிலும் இருக்கிறது. பினாங்கு 1953, 1954, 1958இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. 1974இல், அது மலேசியக் கிண்ணமாக மாறிய பிறகு, பேராவை 2-1 என்று வீழ்த்தி மறுபடி வென்றது. அந்த அணிகளின் படம் யார் வீட்டுச் சுவரிலாவது, அலமாரியிலாவது இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்புறத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிவிடுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள், பயிற்றுநர், பந்துப்பையைத் தூக்கி வந்தவர் உட்பட.