அலைக்கு யார் காசு கொடுக்கிறது?

வாடையா கச்சானானு பழவேற்காட்டுப் பெருசுங்க முகத்துல காத்து பட்டதுமே சொல்லிடுவாங்க. நாளைக்கு அலை எவ்ளோ உயரம்? அங்கதான் விஷயமே இருக்கு மக்களே.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பக்கம் தகவல் மையங்களைத் தொடங்குச்சு. வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படை இணையதளத்துல சும்மா கிடைச்ச அலைக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழ்ல அறிவிச்சாங்க. (போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கு கட்டுமரத்துக்கு!) விளம்பரமும் இல்ல, சந்தாவும் இல்ல.

இப்போ விளம்பரத்துல ஓடின வானிலைச் செயலிகள் சந்தாவுக்குத் தாவுது. 2012-ல் வந்த டார்க் ஸ்கை ஆரம்பத்துலயே காசுக்குத்தான். அதுக்கும் மூலப்பொருள் அமெரிக்க அரசோட இலவச ரேடார் தகவல். 2020-ல் ஆப்பிள் வாங்கி, அதே வருஷம் ஆண்ட்ராய்டுல மூடியாச்சு. சந்தாப் பணம் திரும்பி வந்துச்சு, மழைச் செய்தி வரல.

நம்ம ஹைதராபாத் இன்காய்ஸ் தர்ற கடல் கணிப்பு இலவசம். அதுக்குக் கட்டணம் வச்சா, முதல்ல விட்டுடப்போறது டீசலுக்கே கடன் வாங்குற படகுக்காரர்தான்.