கனரகச் சரக்குந்துகளில் கிளட்ச் பழுதறிதல்: மிதியிலிருந்து கணினி வரை

என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுடன் இணைத்தும் பிரித்தும் விடும் உறுப்பு கிளட்ச் ஆகும். அதில் ஏற்படும் கோளாற்றையும் காரணத்தையும் கண்டறிவது நெடுங்காலம் ஓட்டுநரின் இடது காலைச் சார்ந்திருந்தது. கியர் மாற்றும் பணி 1980களில் கணினியின் வசம் செல்லத் தொடங்கியபின், பழுதறியும் முறையும் படிப்படியாக மாறியது.

மிதி இருந்த காலம்

கிளட்ச் கோளாறுகளில் முதன்மையானவை இரண்டு. முதலாவது நழுவல்: என்ஜின் வேகமாகச் சுழன்றாலும் வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடாது. இரண்டாவது முழுமையாகப் பிரியாமை: மிதியை அடிவரை அழுத்தினாலும் கியர் கரகரவென்று ஒலித்து விழ மறுக்கும்.

இவற்றை அறியக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மிதி வெறுமையாகச் செல்லும் தூரம் குறைந்தாலோ, பிடிக்கும் இடம் மாறினாலோ ஓட்டுநரின் காலுக்கே தெரிந்துவிடும். நிறுத்த பிரேக்கைப் போட்டு, உயர் கியரில் வைத்து, மிதியை மெதுவாக விடுவது மெக்கானிக்குகளின் வழக்கமான சோதனை. என்ஜின் அணைந்தால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று பொருள். அணையாமல் ஓடினால் நழுவுகிறது. அமெரிக்கச் சரக்குந்துகளில் விடுவிப்புத் தாங்கிக்கும் கிளட்ச் பிரேக்குக்கும் இடையே ஏறத்தாழ அரை அங்குல (12.7 மி.மீ.) இடைவெளி உள்ளதா என்றும் அளந்து பார்ப்பார்கள்.

மிதி மறைந்த விதம்

மெர்சிடிஸ்-பென்ஸ் 1985-இல் அறிமுகப்படுத்திய மின்னணுக் கியர் மாற்ற முறையில் கிளட்ச் மிதி இருந்தது. சுவீடனின் ஸ்கேனியா நிறுவனம் 1990களில் கொண்டுவந்த ஆப்டிகுரூஸ் முறையில், புறப்படவும் நிற்கவும் மட்டுமே மிதி தேவைப்பட்டது. மிதியே இல்லாத வடிவம் 2009-இல் வந்தது. வால்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001-இல் 12 முன்னோக்கு கியர்களுடன், மிதி இன்றி வெளிவந்தது. அதில் கிளட்ச்சை அழுத்தப்பட்ட காற்று இயக்குகிறது. அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனம் அல்ட்ராஷிஃப்ட் வகையில் மையவிலக்கு விசையால் பிடிக்கும் கிளட்ச்சையும், பின்னர் வந்த அல்ட்ராஷிஃப்ட் பிளஸ் வகையில் மின்மோட்டாரால் இயங்கும் கிளட்ச்சையும் பயன்படுத்தியது.

இவை கார்களில் காணப்படும், எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் தானியங்கி கியர்பாக்ஸ்கள் அல்ல. உள்ளே இருப்பது பழைய உராய்வுத் தட்டும் சாதாரணப் பற்சக்கரங்களுமே. ஆகவே கோளாறுகளும் பழையவையே. அவற்றை உணர்ந்த கால்தான் இல்லாமற்போனது.

உணரிகளும் குறியீடுகளும்

காலின் இடத்தை உணரிகள் பிடித்தன. கணினி, என்ஜினின் சுழல்வேகத்தையும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் சுழல்வேகத்தையும் ஒப்பிடுகிறது. கிளட்ச் முழுதும் பிடித்திருக்கும்போதும் இரண்டுக்கும் வேறுபாடு நீடித்தால் அது நழுவல். கிளட்ச் பிரிந்து, வண்டி நியூட்ரலில் நிற்கும்போதும் உள்ளீட்டுத் தண்டு வேகம் குறையாமல் சுழன்றால் கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. தட்டு தேயும்போது கிளட்ச் பிடிக்கும் நிலை இடம் மாறுவதால், நிலை உணரியைக் கொண்டு தேய்மானமும் கணிக்கப்படுகிறது.

பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் எனும் தகவல் தொடர்பு முறையின் மீது, கனரக வாகனங்களுக்கான ஜே1939 தரம் உருவானது. இத்தரத்தின்படி ஒவ்வொரு பழுதுக்குறியீட்டிலும் இரு முக்கிய எண்கள் உண்டு. முதல் எண் எந்த உறுப்பு அல்லது அளவு என்பதையும், இரண்டாவது எண் கோளாற்றின் வகையையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, வகை எண் 3 மின்னழுத்தம் மிகுந்ததையும், 4 குறைந்ததையும், 7 இயந்திர அமைப்பு சரியாக இயங்காததையும் காட்டும்.

குறியீடு தீர்ப்பன்று

குறியீடு அறிகுறியையே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. பேட்டரி வலுவிழந்தாலும், எர்த் கம்பி துருப்பிடித்தாலும், காற்றுக் குழாய் கசிந்தாலும், கிளட்ச் உரிய நேரத்தில் நகராது. தட்டு தேய்ந்தது போன்றே தோன்றும். கிளட்ச்சை மாற்றக் கனத்த கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதுவரை வண்டி ஓடாது, வருமானமும் இராது. காரணம் வேறாக இருந்தால், புதிய கிளட்ச் போட்ட பின்பும் அதே குறியீடு திரும்ப வரும்.

எனவே எளியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் பேட்டரியின் மின்னழுத்தம், எர்த் இணைப்பு, மின் இணைப்பிகள். அடுத்து காற்றழுத்தமும் கசிவும். பிறகு கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியைக் கணினிக்கு மீண்டும் பழக்குதல். அதன்பின் தேய்மான அளவு. இவை அனைத்தையும் பார்த்த பிறகே கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஓட்டுநரின் பங்கு

மிதி மறைந்தாலும் கிளட்ச்சின் ஆயுள் ஓட்டுநரைச் சார்ந்தே உள்ளது. மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்தினால், தட்டு இடைவிடாமல் நழுவிச் சூடாகிக் கருகும். புதிய தட்டும் அதே பழக்கத்தால் விரைவில் கெடும். ஆகையால், வண்டி எங்கே, எப்படி ஓட்டப்படுகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டறிவது இன்றும் பழுதறிதலின் பகுதியாகவே நீடிக்கிறது.