போரின் திசை திரும்பிய காலம்

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் அணுக்குண்டினால் முடிவுற்றது என்பர் பலர். முடிவு அப்பொழுது வந்ததாயினும், போரின் திசை அதற்கு நெடுநாள் முன்னரே திரும்பிவிட்டது.

1942 ஏப்பிரில் 5ஆந் தேதி கொழும்பையும், 9ஆந் தேதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அவற்றை ஏவிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டே திங்களில், மிட்வே தீவருகே அமெரிக்கரின் தாக்குதலால் அழிந்தன. அப்போரில் யப்பான் இழந்தவை மொத்தம் நான்கு. அவ்விழப்பை விரைந்து ஈடுசெய்யும் தொழில்வளம் அந்நாட்டிடம் இல்லை.

நவம்பரில் எல் அலமெயினில் ரொம்மலின் படை பின்வாங்கியது. 1943 பெப்ரவரி 2ஆந் தேதி ஸ்டாலின்கிராட்டில் எஞ்சிய ஜேர்மனியப் படை சரணடைந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர்.

எட்டு மாதங்களில் திரும்பிய போர் ஓய்வதற்கோ மேலும் இரண்டரை ஆண்டுகள் சென்றன. 1944இல் ஹங்கேரி நாட்டு யூதர் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டதும், 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்ததும் அவ்விடைக்காலத்திலேயாம்.

போரினால் தளர்ந்த பிரித்தானியப் பேரரசிலிருந்து 1947இல் இந்தியாவும், 1948இல் இலங்கையும் விடுதலை பெற்றன. ஐக்கிய நாடுகள் சபையும் தோன்றியது. இவை போரின் நற்பயன்கள் எனலாம். ஆயினும், வெல்ல முடியாத போரை ஆள்வோர் நீட்டிக்கும்போது அதன் விலையைக் கொடுப்பவர் எளிய மக்களே என்பதை நேயர்கள் மறத்தலாகாது.