பலாவும் சீமைப்பலாவும்

எறணாகுளத்துப் பிராட்வேயில் மாலைப் பொழுதில் நடந்து செல்வோர், துணிக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் கடந்து சந்தைப் பக்கம் திரும்பியதும், காய்கறிக் கூடைகளின் நடுவே பச்சை நிறமான உருண்டைக் காய் ஒன்றைக் காண்பர். ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பெண்மணி அதனைப் பலாப்பிஞ்சு என்று எண்ணி விலை கேட்பார். கடைக்காரரோ, "இது சக்கையன்று, கடச்சக்கை" என்று திருத்துவார். எறணாகுளத்திலும் காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியிலும் குடியேறிய நம் குடும்பங்களில் இச்சிறு பிழையைச் செய்யாதவர் அரியர். பிழை சிறிதே, ஆயினும் அதன் பின்னே நீண்டதொரு வரலாறு மறைந்து கிடக்கிறது.

மலையாள நண்பர்கள் கடச்சக்கை என்றும் சீமச்சக்கை என்றும் வழங்கும் இக்காயைத் தமிழர் சீமைப்பலா, கறிப்பலா என்பர். ஈழத்தார் ஈரப்பலா என்பர். ஆலும் அரசும் அத்தியும் அடங்கிய பெருங்குடும்பத்தில் பலாவும் சீமைப்பலாவும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பொதுவாக மேலைநாட்டு அறிஞர் இட்ட இனப்பெயர் 'ஆர்ட்டோகார்ப்பஸ்' என்பது. கிரேக்க மொழியில் அதற்கு 'அப்பக் கனி' என்று பொருள். உடன்பிறப்புகளாயினும் ஒன்று இம்மண்ணின் மகவு. மற்றொன்று கடல் கடந்து வந்த விருந்து. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்விரண்டின் கதையும் கேட்கத் தக்கது. வீட்டுத் தோட்டத்தில் எதனை நடலாம் என்னும் கேள்விக்கும் அதிலே விடை உண்டு.

பலாவின் பிறந்தகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. சங்கப் புலவர் கபிலர் இம்மரத்தைப் பெரிதும் அறிந்தவர். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்தில், உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள்கள் அம்மலையில் உண்டு என்று அவர் புறநானூற்றில் எடுத்துரைத்தார். மூங்கில் நெல்லும், பலாக்கனியும், வள்ளிக்கிழங்கும், தேனுமே அவை. பலா வெறும் சுவைப் பொருளாக அங்கே பேசப்படவில்லை. முற்றுகைக்கு அஞ்சாத ஊரின் உணவுக் காவலாகப் பேசப்படுகிறது. பிஞ்சு கறியாகும், காய் சோற்றுக்கு ஈடாகும், பழம் இனிக்கும், கொட்டை சுட்டுத் தின்னவும் குழம்பிடவும் உதவும். மரமோ தஞ்சாவூர் வீணையாகவும் மிருதங்கமாகவும் மாறி இசை பரப்பும். இத்தனை பயனும் ஒருங்கே தரும் மரம் வேறு எத்தனை உண்டு?

இம்மரத்தை உலகம் அறிந்ததில் மலையாளக் கரைக்குப் பெரும் பங்குண்டு. 'சக்க' என்ற சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதனை 'ஜாக்கா' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆயிற்று. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா 1563இல் வெளியிட்ட நூலில் இக்கனியைப் பற்றி எழுதினார். பின்னர்க் கொச்சியின் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. 1682இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் பலாமரம் படத்துடன் இடம்பெற்றது. அந்நூலுக்கு அறிவு வழங்கியவர்கள் இந்நாட்டு மக்களே. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் தம் கைப்பட எழுதித் தந்த சான்றுரைகளை நூலின் முதல் தொகுதியில் இன்றும் காணலாம். மொழியாலும் குலத்தாலும் வேறுபட்டவர்கள் ஒரு செடியின் முன்னே கூடி அமர்ந்த காட்சி, பல மொழியினரும் கலந்து வாழும் கொச்சிக்கே உரிய காட்சியன்றோ!

சீமைப்பலாவின் கதை வேறு. நியூகினியின் பக்கத்தில் தோன்றி, பசிபிக் தீவுகளின் கடலோடிகளால் தீவுக்குத் தீவு கொண்டு செல்லப்பட்ட மரம் இது. இதன் நல்ல வகைகளுக்கு வித்து இல்லை. பறவை பரப்பாது; வெள்ளம் கொண்டு போகாது. வேரிலிருந்து கிளைக்கும் கன்றை மண்ணோடு பெயர்த்துக் கைப்பிள்ளைபோல் ஒருவர் சுமந்து சென்றால்தான் அது ஊர் மாறும். எனவே, இம்மரம் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும் அதனைச் சுமந்து வந்த ஒரு மனிதன் இருந்தான் என்பது தெளிவு.

சுமந்தவர் அனைவரும் நல்லெண்ணத்தோடு சுமந்தனர் என்று சொல்வதற்கில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மாய்ந்த காலம் அது. அமெரிக்க விடுதலைப் போரால் உணவு வரத்துக் குறைந்தது. புயல்களும் அடுத்தடுத்து வீசின. ஜமைக்காவில் 1780 முதல் 1787 வரை ஏறக்குறைய 15,000 அடிமைகள் பஞ்சத்தாலும் அதன் பின்வந்த நோயாலும் மடிந்தனர் என்று அத்தீவின் சட்டசபையே கணக்குரைத்தது. உழைப்பாளிகளுக்கு மலிவாகச் சோறிட வழி தேடிய தோட்ட முதலாளிகளுக்குத் தாகித்தித் தீவின் சீமைப்பலா நினைவுக்கு வந்தது. 1787இல் கப்பித்தான் பிளை 'பவுண்டி' என்னும் கப்பலில் புறப்பட்டார். 1789 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளோடு தாகித்தியை விட்டார். அம்மாதம் 28ஆம் நாள் மாலுமிகள் கலகம் செய்து, அவரையும் பதினெண்மரையும் சிறு படகில் இறக்கிவிட்டனர். கன்றுகள் கடலில் எறியப்பட்டன. உயிர் தப்பிய பிளை மீண்டும் 'பிராவிடன்ஸ்' கப்பலில் சென்று, 1793இல் கன்றுகளைச் செயின்ட் வின்சென்ட், ஜமைக்காத் தீவுகளில் சேர்த்தார்.

இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த காயை அடிமைகள் முதலில் விரும்பி உண்ணவில்லை. பசித்தவனுக்கும் தன் உணவைத் தானே தேரும் மானம் உண்டு. 1838இல் முழு விடுதலை பெற்ற பின்னர், அம்மக்களின் வழியினர் அதே காயைத் தம் அடுப்பில் சுட்டுத் தம் உணவாக்கிக் கொண்டனர். இன்று அது ஜமைக்கர் போற்றும் பண்டம். திணித்தபோது கசந்தது, தானே தேர்ந்தபோது இனித்தது.

நம் பலாவும் அத்தீவுக்குச் சென்றது வியப்பே. 1782இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் இருந்த பலாக்கன்றுகள் ஜமைக்காவில் நடப்பட்டன. பிரேசிலிலோ பலா, ரியோ டி ஜனீரோவை அடுத்த திஜூக்காக் காட்டில் அளவின்றிப் பெருகி, அந்நாட்டு மரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. இங்கே தாய்வீட்டு மரம், அங்கே இடையூறு செய்யும் அயல் மரம். ஆதலின் 'உள்ளூர்', 'அயலூர்' என்ற பெயரளவில் ஒரு மரத்தின் தகுதியை முடிவு செய்தல் பொருந்தாது.

மரம் உயிர் காக்கும் என்பதை உணர்ந்து தொண்டாற்றிய ஒருவரை இங்கே நினைத்தல் தகும். இலங்கையின் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் டயஸ் என்பவர், பஞ்சம் வந்தாலும் மக்கள் பட்டினி கிடக்கலாகாது என்று நாடெங்கும் பலா நடும் இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரைப் 'பலா மாமா' என்னும் பொருள்படும் பெயரால் அன்போடு அழைத்தனர். பலாவையும் 'சோற்று மரம்' என்றே குறித்தனர். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, கொச்சியும் திருவிதாங்கூரும் பட்ட துன்பத்தைக் கேட்டறிந்தவர்கள், வீட்டுக் கொல்லையின் அருமையை எளிதில் உணர்வர். 2018இல் கேரள அரசு பலாவை மாநிலக் கனியாக அறிவித்தது, பழைய கடன் ஒன்றைத் தீர்த்ததற்கு ஒப்பாகும்.

இனி, நம் வீட்டுத் தோட்டத்திற்கு எது ஏற்றது? பலா வித்திலிருந்தும் முளைக்கும்; ஆனால் தாய்மரத்தின் சுவை அப்படியே வரும் என்று உறுதி கூற இயலாது. ஒட்டுக்கன்று சில ஆண்டுகளிலேயே காய்க்கும், தாய்க்குணமும் மாறாது. ஓரளவு வறட்சியைத் தாங்கும் பலா, வேரடியில் நீர் தேங்கினால் பட்டுப்போகும். கொச்சியின் தாழ்ந்த மனைகளில் மண்ணை மேடாக்கி நடுதல் நன்று. சீமைப்பலாவுக்கு ஈரக் காற்றும் மழையும் இன்றியமையாதவை. கேரளக் கரையில் தழைக்கும் அது, தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் வாடும். அதன் காய் ஒரு குடும்பத்தின் ஒருவேளைக் கறிக்குப் போதும் அளவினது. பறித்த இரண்டு மூன்று நாளில் சமைத்துவிட வேண்டும். பலாவின் பெருங்கனியோ அண்டை வீடுகளையும் அழைத்துப் பங்கிட வேண்டுவது. இரண்டும் ஓங்கி வளர்வன. சுவரை ஒட்டி நடலாகாது. ஆண்டுதோறும் கிளை கழித்தல் வேண்டும்.

சிறு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்கு உதவ வேண்டுமெனில் சீமைப்பலாவை நடுக. இடம் இருந்து, பேரப்பிள்ளைகளையும் எண்ணுவோர் பலாவை நடுக. வாய்ப்புள்ளோர் இரண்டையும் நட்டால் குறைவொன்றும் இல்லை.

மண்ணோடு வேரைச் சுமந்து வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் நெருக்கும் மரமாக நில்லாமல், பசிக்கு உதவும் மரமாக நிற்போமாயின், நம்மை அயலார் என்று எவரும் கூறார். அடுத்த மழைக்கு முன் ஆளுக்கொரு கன்று நடுவோமாக!