லயமும் தகரப் பெட்டியும்

ஒரு குடும்பம் வீடு மாறும்பொழுது எதைத் தலைமேல் சுமந்து செல்கிறது, எதைக் குப்பையில் எறிந்துவிடுகிறது என்பதை நோக்கினால், அக்குடும்பத்தின் வரலாறே விளங்கிவிடும். மன்னர்தம் மாளிகைகளின் கதையைக் கல்வெட்டுகள் கூறும். உழைப்பாளர்தம் இல்லங்களின் கதையைக் கூறுவதற்கு அவர்தம் பெட்டிகளே உள. மலாயாத் தோட்டப்புறத் தமிழரின் குடிபெயர்ச்சி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1907ஆம் ஆண்டில் குடிநுழைவு நிதி நிறுவப்பெற்ற பின்னர், தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொணரும் செலவை அந்நிதி ஏற்றது. கங்காணியரால் திரட்டப்பெற்றோர் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கியோர், நோய்த்தடுப்பு முகாம்களைக் கடந்தே தோட்டம் சேர்ந்தனர். கையில் ஒரு மூட்டை அல்லது ஒரு தகரப் பெட்டி. அதனுள் சில மாற்றுடைகள், சில பாத்திரங்கள். அவ்வளவே அவர்தம் உடைமை.

அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம் எனப்பட்டது. நீண்டதொரு கொட்டகையைத் தடுத்து அமைத்த அறைகளின் வரிசையே லயமாகும். தொடக்கக் கால லயங்கள் பலவற்றில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. காற்று ஊடுருவிச் செல்ல வழியில்லை. கூரை அத்தாப்பு, பிற்காலத்தில் தகரம். அறைக்குள் உறக்கம், அஞ்சடியில் சமையல். இத்தகைய அறையில் குடிபுகுவோர்க்குப் பொருள்களைப் பிரித்து அடுக்கும் வேலை மிகுதியாக இருந்ததில்லை. தரையைப் பெருக்கி, மண்தரையாயின் சாணமிட்டு மெழுகி, சுவருக்குச் சுவர் கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டு, மூலையில் பெட்டியை வைத்துவிட்டால் குடிபுகுதல் முடிந்துவிடும். விடிந்தால் பெரட்டுக்குச் செல்ல வேண்டுமே! எனினும் வாயிலில் ஒரு கோலமும், ஒரு மாடத்தில் சிறு விளக்கும் இடம்பெற்றன. அந்த அறையை வீடாக்கியவை அவையே.

தோட்டங்களில் தூய்மை என்பது விருப்பத்தால் மட்டும் பேணப்பட்டதன்று; அஃது உயிர்ப்பிரச்சினையாகவும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணி தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி உலர்த்துவதன் மூலம் அந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். அதன் பின்னர் வடிகால்களைத் துப்புரவு செய்வதும், கொசு பெருகும் நீர்நிலைகளில் எண்ணெய் தெளிப்பதும் தோட்ட வழக்கமாயின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்களின் கடமைகளை விரித்துரைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதித்ததும் இச்சட்டமே.

ஆயினும் ஒன்று மாறவில்லை. லயம் தோட்டத்திற்கு உரியது, தொழிலாளிக்கு உரியதன்று. வேலை போயிற்றென்றால் வீடும் போயிற்று. தம் கையால் மெழுகிய தரையை, தாம் நட்டு வளர்த்த முருங்கையைப் பிறர் சொல்லுக்கிணங்கி விட்டு நீங்க வேண்டிய நிலையே நெடுங்காலம் நீடித்தது.

1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அடையாள அட்டை வழங்கும் முறையும் தொடங்கிற்று. 1950ஆம் ஆண்டில் சர் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்கீழ்ப் பல இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களின் மக்கள் முள்வேலிக்குள் ஒருசேரக் குடியேற்றப்பட்டனர். இக்காலத்தில் தகரப் பெட்டிக்குள் புதியதொரு பொருள் புகுந்தது. அதுதான் தாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம் ஆகியவை பாத்திரங்களினும் பெருமதிப்புடையவை என்பதை அன்று அனைவரும் உணர்ந்தாரல்லர்.

அதனை உணர்த்தியது 1969ஆம் ஆண்டு. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெறல் வேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொழுது நடைமுறைப்படுத்தப்பட்டது. பல்லாண்டு பால்மரம் வெட்டிய கைகளுக்கு வேலையில்லை என்றாயிற்று. பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். சில குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எஞ்சியோருள்ளும் ஆவணமில்லாப் பெற்றோரின் பிள்ளைகள் பள்ளியில் சேரவும் தொழில் பெறவும் அல்லலுற்றனர். ஈரம் பட்டுக் கிழிந்த ஒரு தாள், கறையான் அரித்த ஒரு சான்றிதழ், ஒரு தலைமுறையின் வாழ்வையே தடுத்து நிறுத்த வல்லது என்பதை வரலாறு இங்ஙனம் காட்டிற்று.

பின்னாளில் தோட்டங்களே மறையலாயின. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் நகரம் வந்தது. 1921ஆம் ஆண்டில் உருவான பிராங் புசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த நிலத்தில், 1995ஆம் ஆண்டில் புத்ராஜெயா நகரின் கட்டுமானம் தொடங்கிற்று. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. நிலைத்த தரைவீடு வேண்டி அவர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்தனர்.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்குச் சென்றோர் புதுவீட்டைக் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டி, உப்பும் மஞ்சளும் அரிசியும் முதலில் கொண்டு புகுந்து, பால் காய்ச்சினர். பால் பொங்கியது, மனமும் பொங்கியது. ஆனால் அம்மியை எங்கே இடுவது? கோழிக்கூட்டை எங்கே வைப்பது? இடமில்லாதவை எல்லாம் கழிக்கப்பட்டன. அக்குப்பையோடு பாட்டனின் கப்பல் சீட்டும், பழைய சம்பளத் துண்டும், பள்ளிச் சான்றிதழும் சென்ற வீடுகள் எத்தனையோ!

வீட்டைத் துப்புரவு செய்தல் நற்பண்பே. ஆயின் எறிவது எது, காப்பது எது எனப் பிரித்தறிவதே துப்புரவின் உயிர்நிலை. தமிழ்ப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. தோட்டத்தோடு பள்ளியும் இடம்பெயரும்போது, பழைய சேர்க்கைப் பதிவேடு வெறும் தாள் மூட்டையாகத் தோன்றலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவர், தாம் இந்நாட்டில் வளர்ந்தவர் என்று காட்டுவதற்கு அதுவே துணைச்சான்றாகக்கூடும்.

ஆதலின் ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு பணியை ஒப்படைக்கலாம். வீட்டில் உள்ள பழைய பெட்டியைப் பாட்டியின் முன்னிலையில் திறக்கச் செய்யலாம். ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் கையால் வந்தது என்று கேட்டு எழுதச் செய்யலாம். லயங்கள் இடிந்துவிட்டன; அவற்றை மீண்டும் கட்ட வேண்டுவதில்லை. அங்கு வாழ்ந்தோரின் பெயர்களைப் பெருக்கித் தள்ளாதிருத்தலே பின்வந்தோர் ஆற்ற வேண்டிய கடனாகும்.